பன்றியின் மூச்சுக்குழாயும் ஒரு கொள்ளைநோயும்

நாற்சந்தி என்பதே சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயரின் பொருள். பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில் அமைந்த இவ்வூர் வட்டாரத்தில், வால்டோர் போன்ற இடங்களில் பன்றி வளர்ப்பு நெடுநாளையத் தொழில். பன்றி என்றதும் முகஞ்சுளிப்போர் நம்மிடையே உண்டு. ஆயினும், மூச்சுறுப்புகளைப் பற்றி மனிதன் பெற்ற அறிவில் அவ்விலங்கின் பங்கு சிறிதன்று.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர், கதறிக்கொண்டிருந்த பன்றியின் குரல்வளைக்குச் செல்லும் மெல்லிய நரம்பைப் பலர் முன்னிலையில் துண்டித்தார். கதறல் உடனே அடங்கிற்று. குரலை ஆள்வது இதயமன்று, மூளையே என்பதற்கு அது சான்றாயிற்று. கொடிய சோதனைதான், மறுப்பதற்கில்லை.

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியுமுன்னரே, பன்றியின் வலப்புற நுரையீரலின் முன்மடலுக்குத் தனிக்கிளை ஒன்று புறப்படுகிறது. மாட்டிற்கும் ஆட்டிற்கும் இஃதுண்டு. குதிரைக்கும் நாய்க்கும் இல்லை. இக்கிளைகளின் உட்புறம் மென்படலம் போர்த்தியிருக்கும். அப்படலமே 1998ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு பெருந்துயரின் வாயிலாயிற்று.

அவ்வாண்டு ஈப்போவை அடுத்த பண்ணைகளில் தொழிலாளர் மூளைக்காய்ச்சலுக்கு ஆளாயினர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளையழற்சி என்று கருதிப் புகையடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளையழற்சி பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கோ பன்றிகளைக் கையாண்ட வளர்ந்த ஆண்களே மிகுதியாக வீழ்ந்தனர். சீனப் பண்ணைக்காரரோடு இந்தியத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். பன்றிகளோ, தொலைவிலும் கேட்கும்படி உரத்து இருமின. அதனை 'ஒரு மைல் இருமல்' என்றே வழங்கினர். கொசுநோயில் பன்றி இவ்வாறு இருமுவதில்லை. அவ்விருமலுக்குச் செவிசாய்த்திருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்குமோ!

நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்திற்கும் பரவிய பின்னர், 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் நோயாளியிடமிருந்து புதிய நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்த அது, பன்றியின் மூச்சுக்குழாய்ப் படலத்தில் பெருகி, இருமலோடும் சளியோடும் வெளிப்பட்டு, அருகில் நின்று தீனியிட்டவரைப் பற்றியது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் ஏன் வீழ்ந்தனர் என்பது அதன் பின்னரே விளங்கிற்று.