ஒரு துளிக் குருதி

நீரிழிவு நோயாளரின் உடலிற் சர்க்கரை ஏறியதா, இறங்கியதா என்பதை அறிய முன்னாளைய மருத்துவர் சிறுநீரையே பெரிதும் நம்பினர். அதனைப் பெனடிக்ற் கரைசலுடன் சேர்த்துச் சூடாக்குவர். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறம் அடைந்தாற் சர்க்கரை மிகுதி என்பர். ஆயின் அந்நிறம் உரைத்த செய்தி சில மணி நேரம் பழையது. குருதியையே சோதிப்பதாயின் அஃது ஆய்வுகூடத்துக்குச் செல்லவேண்டும். விடை வரும்வரை நோயாளர் காத்திருக்கவேண்டும். அந்த இடைவெளியில் உயிர் ஊசலாடுவதும் உண்டு. குருதிக்கும் விடைக்கும் இடையிருந்த தூரத்தைக் குறைத்த வரலாறே உயிர் உணரியின் வரலாறு.

அவ்வரலாறு ஒரு மறுப்பிலே தொடங்கிற்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அந்தியோக் கல்லூரியிற் பணியாற்றிய லீலண்ட் கிளார்க், குருதிக்கு ஒட்சிசன் ஊட்டும் கருவியொன்றை ஆக்கினார். அதுபற்றிய கட்டுரையைச் சஞ்சிகையாசிரியர் ஏற்கவில்லை. கருவியினின்று வெளிவரும் குருதியில் ஒட்சிசன் எவ்வளவு என்பது காட்டப்படவில்லை என்பதே காரணம். குறை உண்மையானதே. பிளாற்றினம் மின்வாயைக் குருதியில் இட்டாற் புரதங்கள் அதன்மேற் படிந்து அளவைக் கெடுத்துவிடும். கிளார்க் முதலிற் செலோபேன் தாளால் மின்வாயைப் போர்த்திப் பார்த்தார். பின்னர் 1954 ஆம் ஆண்டில் இரு மின்வாய்களையும் ஒரு பொலித்தீன் மென்சவ்வின் பின்னே அமைத்தார். ஒட்சிசன் சவ்வைக் கடந்து சென்றது; புரதம் வெளியே நின்றது. 1956 இல் வெளியிடப்பட்ட இவ்வமைப்பு கிளார்க் மின்வாய் எனப் பெயர் பெற்றது.

1962 இற் கிளார்க்கும் லயன்ஸ் என்பாரும் மேலும் ஒரு படி சென்றனர். குளுக்கோசை மட்டும் தேர்ந்து தாக்கும் நொதியத்தை மின்வாயின் முன் மென்சவ்வால் அடைத்து வைக்கலாம் என்றனர். குளுக்கோசு மிகுந்தால் நொதியம் ஒட்சிசனை மிகுதியாகச் செலவிடும். மின்னோட்டம் அதற்கேற்பக் குறையும். அக்குறைவே சர்க்கரையின் அளவைக் காட்டும். 1967 இல் அப்டைக், ஹிக்ஸ் ஆகிய இருவர் நொதியத்தைக் கூழ்ப்பொருளிற் சிறைப்படுத்தினர். 1975 இல் இம்முறையிலமைந்த சோதனைக் கருவி விற்பனைக்கு வந்தது. ஆயினும் அது ஆய்வுகூடத்து மேசையை விட்டு இறங்கவில்லை.

1984 இற் கிரான்பீல்ட், ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் ஒட்சிசனுக்குப் பதிலாகப் பெரசீன் சேர்வையை இலத்திரன் காவியாக்கினர். அதனாற் குருதியின் ஒட்சிசன் ஏற்ற இறக்கம் அளவைப் பிழைபடுத்துவது பெரிதும் தவிர்க்கப்பட்டது. 1987 இற் பேனா வடிவிலே சர்க்கரைமானி வெளிவந்தது.

மற்றொரு பாதை சிலிக்கன் சில்லை நாடியது. 1970 இல் ஒல்லாந்தின் பேர்க்வெல்ட், கரைசலிலுள்ள அயன்களை உணரும் திரான்சிஸ்ரரை அறிமுகஞ் செய்தார். ஆயின் சில்லு செய்யும் தொழில் வெப்பத்தையும் கடும் இரசாயனங்களையும் வேண்டுவது; நொதியமோ அவற்றிற் கெட்டுவிடும் மென்பொருள். ஆதலின் உலோகப் படலங்களை முதலிற் பதித்து, நொதியத்தை இறுதியில் நுண்துளியாக இடும் முறை உருவாயிற்று. 1992 இற் கையடக்கமான ஐ-ஸ்ராற் கருவி வந்தது. சில துளிக் குருதியை அதன் சிறு பேழையில் இட்டால், சில்லின் மின்வாய்கள் சோடியம், பொற்றாசியம், குளுக்கோசு முதலியவற்றின் அளவைச் சில நிமிடங்களில், நோயாளரின் கட்டிலருகிலேயே தந்தன.

கிளார்க் 2005 இல் மறைந்தார். அதற்குள் நீரிழிவாளர் பலர் தம் குருதியைத் தம் வீட்டிலிருந்தே சோதித்து, உணவையும் மருந்தையும் அளவிடக் கற்றிருந்தனர். இதற்கெல்லாம் வித்து, ‘அளவு எங்கே?’ என்ற வினா. அதனைப் புறந்தள்ளாது விடை தேடியவர் கிளார்க்.