துருக்கிய வில்லும் ஒரு நூலும்

பழந்துருக்கிய வில்லொன்றைச் செப்பனிட முற்படும் ஆர்வலர் செய்யக்கூடிய பெரும்பிழை, அது வளைந்திருக்கும் திசையிலேயே நாணேற்ற முயல்வதாகும். நாண் களைந்த நிலையில் அவ்வில் எதிர்ப்புறமாகச் சுருண்டு, ஏறத்தாழ வட்டமாகவே கிடக்கும். அதனைத் திருப்பி வளைத்தே நாண் பூட்டல் வேண்டும். இதையறியாதார் கையில் முறிந்தவை எத்தனையோ!

நடுவில் மேப்பிள் மரம். எய்பவரை நோக்கிய பக்கம் எருமைக்கொம்பு. வெளிப்பக்கம் மாட்டின் தசைநார். இம்மூன்றையும் பிணைப்பது தசைநாரையும் மீனின் காற்றுப்பையையும் காய்ச்சியெடுத்த பசை. ஈரம் பட்டால் அது இளகிவிடும். அழுக்கு நீக்குவதாக எண்ணி நனைந்த துணியால் துடைப்பவர், வில்லையே பிரித்துவிடக்கூடும்.

இந்நுணுக்கங்கள் நமக்கு எட்டிய வழி விந்தையானது. போர்க்களத்தில் துப்பாக்கி வில்லை வென்றுவிட்ட பின்னரும், இஸ்தான்புலின் ஓக்மைதானில் தொலைவெய்தல் நடந்தே வந்தது. வில்லாளராகவும் விளங்கிய சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் ஆணைப்படி, முஸ்தபா கானி என்பார் 19ஆம் நூற்றாண்டில் இக்கலையை நூலாக்கினார். அது ஜெர்மானிய மொழிக்குச் சென்றது. அதன் துணைகொண்டு அமெரிக்க இயற்பியலறிஞர் பால் கிளாப்ஸ்டெக் 1934இல் ஆங்கிலத்தில் எழுதினார். உஹதுக் களத்தில் ஐம்பது வில்லாளரைக் குன்றின்மேல் நிறுத்திய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம், நம்மவர் கலையை இவ்வாறு சுற்றிவளைத்து அறிய நேர்ந்தது நெஞ்சை உறுத்தவே செய்கிறது. எனினும், பொழுதுபோக்காக இதில் இறங்கிய பிறநாட்டாருக்கு நாம் நன்றியுடையோம்.

அக்கால வில்வினைஞர், நார் ஒட்டியபின் ஓராண்டேனும் உலரவிட்டே நாணேற்றினர்.