கிளமத் நதி: மீனுக்கா, வயலுக்கா?

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் தோன்றும் கிளமத் நதி, சுமார் 400 கிலோமீட்டர் ஓடி, வட கலிஃபோர்னியாவில் பசிஃபிக் பெருங்கடலைச் சென்றடைகிறது. அதன் மேற்பகுதி விவசாயிகள், நீர்ப்பாசன மாவட்டங்கள் எனப்படும் உள்ளூர் அமைப்புகள் மூலம் மத்திய அரசுத் திட்டத்தின் நீரைப் பெறுகின்றனர். கீழ்ப்பகுதியில் யூரோக், கருக் பழங்குடியினரின் வாழ்வு சால்மன் மீன்களைச் சார்ந்துள்ளது.

2001 ஆம் ஆண்டு வறட்சியின்போது, அழிவை எதிர்நோக்கும் மீனினங்களைக் காப்பதற்காகப் பெரும்பாலான வயல்களுக்கு நீர் நிறுத்தப்பட்டது. விவசாயிகள் கொந்தளித்தனர். மறு ஆண்டு பாசனத்துக்கு நீர் விடப்பட்டது. ஆனால் 2002 செப்டம்பரில், குறைந்த நீரோட்டத்தில் நோய் பரவி, 30,000க்கும் அதிகமான மீன்கள் மடிந்தன.

இவ்விரு இழப்புகளே எதிரெதிர் தரப்பினரைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்தன எனலாம். 2010ல் எட்டப்பட்ட நீர்ப்பகிர்வு உடன்பாடு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைக்காமல் 2015 இறுதியில் காலாவதியானது. எனினும் அணைகளை அகற்றும் திட்டம் தொடர்ந்தது. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் நான்கு அணைகள் அகற்றப்பட்டன. 2024 அக்டோபரில், நூறாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின்னர், சால்மன்கள் ஆரெகன் பகுதியை மீண்டும் எட்டின.

ஆனால் அவை மின்சாரத்துக்கான அணைகள். பாசனத்துக்கு நீர் வழங்கியவை அல்ல. ஆகவே அவை அகற்றப்பட்டதால் நீர்ப்பற்றாக்குறை தீர்ந்துவிடவில்லை. 2021 வறட்சியிலும் பிரதான வாய்க்கால் மூடப்பட்டிருந்தது. 2024 பிப்ரவரியில் மூன்று பழங்குடி அமைப்புகளும் பாசனதாரர் சங்கமும் மத்திய அரசுடன் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் உண்மையான சோதனை, அடுத்த வறட்சியில்தான் இருக்கிறது.