காதலின் மாட்சியும் அல்லியின் தாலியும்

மலேசியத் தமிழ் நாவல் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1917-லிருந்து தொடங்குவார்கள். அந்த ஆண்டு வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'தான் இந்நாட்டின் முதல் தமிழ் நாவல் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடுவார்கள். சஞ்சிக்கூலி, ஜப்பான்காரன் காலம், சயாம் மரண ரயில், தோட்டத் துண்டாடல் என்று கட்டுரை வேகமெடுக்கும். தலைப்பில் அந்த 'அல்லது'க்குப் பின்னால் நிற்கும் 'காதலின் மாட்சி'யை யாரும் நின்று பார்ப்பதில்லை. ரப்பர் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் இந்த மண்ணில் முதல் நாவல் எழுத உட்கார்ந்தவருக்குக் காதலைத்தான் தலைப்பில் வைக்கத் தோன்றியிருக்கிறது. எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை.

தமிழின் முதல் நாவல் மட்டும் என்னவாம்? 1879-ல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டுக்கே ராஜாவாகிறாள். காதல், பிரிவு, மாறுவேடம், தற்செயலாகக் கிடைக்கும் சிம்மாசனம். இன்றைக்கு யாராவது இதை எழுதினால் 'வணிக எழுத்து' என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுவோம்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு முன்பு ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒரு மாணவி, ரமணிசந்திரன் நாவல்கள் வழியாகத்தான் வாசிக்க வந்தேன் என்று சொன்னாள். கூடத்தில் சிரிப்பு. மேடையில் இருந்த ஒருவர், "அதெல்லாம் வாசிப்புக் கணக்குல சேராதும்மா" என்றார். அந்தப் பெண் உட்கார்ந்தவள், கூட்டம் முடியும்வரை வாயே திறக்கவில்லை. சேராது என்றால், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் வாசித்ததும் கேட்டதும் கணக்கிலேயே வராது.

நான் மம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பழைய சாலையில் இருக்கும் சின்ன ஊர் மம்பாவ். சுற்றிலும் அப்போது கித்தா மரங்கள். எங்கள் லயத்து வீட்டில் இருந்த மிகப் பழைய புத்தகம் பாட்டியின் அண்ணன் கப்பலில் தகரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த பெரிய எழுத்து 'அல்லி அரசாணி மாலை'. அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய்விட்டிருந்தன.

பெரிய எழுத்துப் புத்தகங்களைப் பற்றி இளம் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் மலிவுத் தாளில், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் தெரிகிற மாதிரி பெரிய அச்சில் போட்ட கதைகள் இவை. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, நல்லதங்காள், பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு. மதனகாமராஜன் கதையை நடேச சாஸ்திரி 1886-லேயே ஆங்கிலத்தில் போட்டார். 'திராவிட இரவுக் கேளிக்கைகள்' என்பது போன்ற பெயர், அரேபிய இரவுகளை மனதில் வைத்து. 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. அப்படி வந்த பள்ளிகளில் மூன்றாவது நான்காவதோடு படிப்பு முடியும். அந்தப் படிப்புக்கு எட்டிய அச்சு இதுதான். லயத்தில் ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். வாசிக்கத் தெரியாத என் பாட்டிக்கு அல்லி கதை முழுக்க மனப்பாடம்.

விக்கிரமாதித்தனைப் பற்றிப் பாட்டிக்கு ஒரு நக்கல் உண்டு. காடாறு மாதம், நாடாறு மாதம் என்று அவன் மாறி மாறி இருந்தானாம். "அவனுக்காச்சும் ஆறு மாசம் நாடு இருந்துச்சு. நமக்குப் பன்னெண்டு மாசமும் காடுதான்" என்பாள். மாயக்கதையைக் கேட்டுத் தன் நிலையை மறந்தவள் பேசுகிற பேச்சா இது?

அல்லிக்கு வருகிறேன். புகழேந்திப் புலவர் பேரில் வழங்கும் இந்தக் கதையில் அல்லி மதுரையை ஆளும் அரசி. ஆண் வாடையே ஆகாதவள். அவள்மேல் ஆசைப்படும் அர்ச்சுனன் கடைசியில் பாம்பாக உருமாறி அவள் அறைக்குள் போய், அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். பாட்டி அல்லியின் படை, கோட்டை, அவள் கொடுக்கும் தண்டனை எல்லாவற்றையும் கைவீசிச் சொல்வாள். பாம்பு உள்ளே நுழைகிற இடம் வந்ததும், "நாசமாப் போறவன்" என்று ஒரு வசவு. கதை அங்கே நின்றுவிடும். அப்புறம் என்னாச்சு என்று கேட்டால், "மிச்சத்த ஆம்பளைங்ககிட்ட போய்க் கேளு".

அந்த வசவை நான் ஓர் இலக்கிய விமர்சனமாகவே எடுத்துக்கொள்கிறேன். தோட்டங்களின் ஆரம்ப காலத்தில் ஆண்கள் அதிகம், பெண்கள் மிகக் குறைவு. கல்யாணம் கங்காணியின் கையிலும் சாதியின் கையிலும் இருந்தது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவது நாடு முழுக்கக் கட்டாயமானது 1982 மார்ச்சில்தான். 1976-ல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வர அத்தனை நாள் ஆயிற்று. அதற்கு முன்னால் ஒரு பெண்ணிடம் தாலியைத் தவிரக் கல்யாணத்துக்குப் பெரும்பாலும் வேறு அத்தாட்சி கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், தூங்குகிறவள் கழுத்தில் ஏறிய தாலி வெறும் மாயாஜாலமாகப் பட்டிருக்காது. அர்ச்சுனனைச் சபிக்க முடிந்தது. பக்கத்து லயத்து ஆளைச் சபிக்க முடியாது.

இந்தக் கதைகள்மேல் ஏளனம் இரண்டு அலையாக வந்தது. முதல் அலை சீர்திருத்தக்காரர்களுடையது. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்து போனதும் சுயமரியாதை இயக்கத்துக்கு இங்கே வேகம் கூடியது. 1935-ல் தமிழ் முரசு வந்தது. கோ. சாரங்கபாணி அதை ஒரு சமூக இயக்கமாகவே நடத்தினார். புராணக் குப்பை, மூடநம்பிக்கை என்று பெரிய எழுத்துக் கதைகள் ஓரங்கட்டப்பட்டன. சாதியையும் கள்ளுக்கடையையும் எதிர்த்து நின்றவர்கள் அவர்கள், அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. இரண்டாவது அலை யதார்த்தவாதம். 1950-ல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். அதற்குப் பின் வந்த எழுத்தில்தான் பிரட்டுக்களமும் மங்கும் ஒட்டுப்பாலும் நமக்கு இலக்கியமாயின. அ. ரெங்கசாமியின் நாவல்கள் இல்லாவிட்டால் ஜப்பான்காரன் காலம் என்னைப் போன்றவர்களுக்கு வெறும் பாட்டி கதையாகவே போயிருக்கும். ஆனால் அந்த யதார்த்தத்துக்குள் ஒரு விஷயம் வரவே இல்லை. தோட்டத்துப் பெண் உழைத்தாள், அழுதாள், ஏமாற்றப்பட்டாள். விளக்கை அணைக்கும் நேரத்துக்குள் ஒரு தொடர்கதையை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டவளை நான் எந்த நாவலிலும் பார்த்த ஞாபகமில்லை.

ஆண்களின் கனவுக்கு வேறு புத்தகம் இருந்தது. என் சித்தப்பா குமுதத்தில் வந்த சாண்டில்யனின் 'கடல் புறா'வைக் கிழித்துச் சேர்த்து, மாவுப் பசை போட்டுத் தைத்து வைத்திருந்தார். கடல் புறா என்பது கப்பலின் பெயர். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் அதன் தலைவன், கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி நாயகிகளில் ஒருத்தி. கடாரம் என்றால் நம்ம கெடா. பால்மரம் சீவுகிற ஒருவனுக்கு, தன் மூதாதை இதே கடலில் கப்பல் ஓட்டி வந்தவன் என்று ஒரு கதை சொன்னால் எப்படி இருந்திருக்கும்! 1025 வாக்கில் ராஜேந்திரனின் படை இந்தப் பக்கம் வந்தது உண்மை. அந்தப் பக்கத்துக் கடலில்தான் 1926-லிருந்து 'ரஜூலா' கப்பல் ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். எங்கள் பாட்டனும் பாட்டியும் ரஜூலாவின் மேல்தளத்தில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தார்கள். சித்தப்பா அந்தப் பயணத்தைப் பற்றி ஒருபோதும் பேசமாட்டார். கருணாகரனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்.

கடல் புறாவை நான் மூன்று முறை வாசித்திருக்கிறேன். கடற்போர் வருணனைகளில் சாண்டில்யனுக்கு ஈடு சொல்ல ஆளில்லை. அமீர், அகூதா போன்ற பாத்திரங்களால் தமிழ்ச் சரித்திர நாவல் முதல்முறையாக ஒரு துறைமுகத்தின் வாடை வீசியது. ஆனால் பெண் வரும் இடமெல்லாம் கதை நின்றுவிடும். அவள் உடம்பைப் பக்கம் பக்கமாக அளந்த பிறகுதான் நகரும். அல்லி கதையிலாவது அல்லிக்குப் படை இருந்தது. இன்னொரு குறை, அந்தக் கப்பலில் துடுப்புப் போடுகிறவனுக்குக் கதை கிடையாது. சித்தப்பா தன்னைக் கருணாகரனாக நினைத்துக்கொண்டார். கப்பலுக்குள் அவருக்கு உண்மையில் எந்த இடம் கிடைத்திருக்கும் என்று அந்த நாவல் ஓரிடத்திலும் அவரைக் கேட்கவில்லை.

இதே கெடாவைப் பற்றி மலாய்க்காரர்களிடம் இருக்கும் மாயக்கதை வேறு மாதிரியானது. 'ஹிகாயத் மெரோங் மஹாவங்சா'வில் ரோம் நாட்டு இளவரசனுக்கும் சீன இளவரசிக்கும் கல்யாணம் நடக்காமல் தடுத்துக் காட்டுகிறேன் என்று கருடன் சுலைமான் நபியிடம் சவால் விடுகிறது. இளவரசியைத் தூக்கிக்கொண்டுபோய் லங்காவித் தீவில் ஒளித்து வைக்கிறது. இளவரசனின் கப்பல்களைத் தாக்குகிறது. கப்பல் உடைந்து கரை ஒதுங்குகிறவன் வந்து சேர்வது அதே லங்காவியில்தான். கருடன் தோற்கிறது. நம்முடைய கடாரம் ஜெயித்து எடுத்த ஊர், அவர்களுடைய கெடா ஒரு கல்யாணத்தைத் தடுக்க முடியாமல் போன கதையிலிருந்து தொடங்குகிற ஊர். இரண்டும் கட்டுக்கதை. எந்தக் கட்டுக்கதையோடு இந்த நாட்டில் பக்கத்து வீட்டுக்காரனாக வாழ்வது சுலபம் என்று நான் யோசிப்பதுண்டு. நம் இளைஞர்கள் சோழர் மீம் போடுவதற்கு முன்னால் இந்த ஹிகாயத்தை ஒரு தடவை வாசிக்கலாம்.

என் அக்கா கடல் புறாவைத் தொட்டதில்லை. 1983-ல் செனவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். விடியற்காலை இருட்டில் கம்பெனி பஸ் வரும். அந்த பஸ்ஸில் ராணி முத்துவும் ரமணிசந்திரனும் கை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு புத்தகத்தை எட்டுப் பேர் வாசித்த பிறகுதான் அது வீட்டுக்கு வரும். எண்ணெய்ப் பிசுக்கும் ரொட்டித் தூளும் ஒட்டியிருக்கும்.

நானும் அவற்றைத் திருடி வாசித்தேன். நாயகன் பணக்காரன். நாயகியைத் தப்பாகப் புரிந்துகொண்டு கடுமையாகப் பேசுவான். ஏதோ ஒரு கட்டாயத்தில் கல்யாணம் நடந்துவிடும். இருநூறு பக்கம் அவள் பொறுத்துக்கொண்ட பிறகு அவன் உண்மையைத் தெரிந்துகொள்வான். பல நாவல்களில் இதுதான் அச்சு. அல்லியின் தாலிதான் பங்களாவுக்குள் குடி வந்திருக்கிறது என்பது என் எண்ணம். ஒருநாள் இதையே அக்காவிடம் பெரிய அறிவாளி மாதிரி சொன்னேன்.

"நீ கல்யாணத்த வாசிக்கிற. நான் கடைசி அத்தியாயத்த வாசிக்கிறேன்" என்றாள் அக்கா. "அதுல என்ன இருக்கு?" "அவன் மன்னிப்புக் கேப்பான். நம்ம லயத்துல எந்த ஆம்பள கேட்டு நீ பாத்துருக்க?"

எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். அப்பா கேட்டதில்லை. சித்தப்பா கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்கும் ஆண் எங்கள் தோட்டத்தில் கருடனைவிட அபூர்வமான பிராணி. அந்த வகையில் ரமணிசந்திரனின் நாவல்களும் ஒரு மாயப் புனைவுதான். இருநூறு பக்கப் பொறுமைக்கு அந்த ஒரு பக்கம் ஈடாகாது என்றே இன்றும் நினைக்கிறேன். அக்காவும் நானும் இதில் ஒத்துப்போனதில்லை. ஆனால் அவள் முட்டாள்தனமாக வாசிக்கவில்லை. தனக்கு வேண்டிய பக்கத்தைத் தெரிந்து வாசித்தாள். பாட்டி தனக்கு வேண்டாத இடத்தில் கதையை நிறுத்தியதைப்போல.

மம்பாவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பலவும் இப்போது வீடமைப்புப் பகுதிகள். லயங்கள் இருந்த சுவடு இல்லை. தோட்டத்து முனியையும், மரம் வெட்டப் போனவர்கள் காட்டில் கேட்டதாகச் சொன்ன குரல்களையும் வைத்து யாரும் ஒரு முழு மாயப் புனைவை எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அச்சில் இருந்த துயரம் ஆவணமாகிவிட்டது. வாயில் இருந்த மாயம் சொன்னவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. கதை எழுத வரும் இளைஞர்கள் டிராகனை வைத்து எழுதுகிறார்கள். எழுதட்டும், எனக்கும் டிராகன் பிடிக்கும்.

அக்காவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போனில்தான் வாசிக்கிறாள், பிரதிலிபியில். அங்கே கட்டாயத் தாலி ஒரு தனி வகையாகவே ஓடுகிறது, 'ஆன்ட்டி ஹீரோ' என்று பேர். போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தபோது மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு கதைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்றேன்.

"மூணாவது அத்தியாயத்துலயே அவ தூங்குறப்ப தாலி கட்டிட்டான். நாசமாப் போறவன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதையைத் திறந்தாள்.