தீவு பெயர்ந்த கதை

கட்டமிட்ட தாளிலே ஒரு முக்கோணத்தை வரைந்து, அதன் உச்சிகள் ஒவ்வொன்றின் ஆள்கூறுகளோடும் ஒரே தொகையைக் கூட்டினால், முக்கோணம் முழுவதும் வேறிடஞ் செல்லும். ஆயினும் பக்கங்களின் நீளமோ கோணமோ பரப்போ மாறுவதில்லை. இதனைக் கணித நூலார் பெயர்ப்பு என்பர். பள்ளி மாணவர் செய்து பழகும் இச்சிறு கருமம் இலங்கைத் தீவு முழுவதற்குமே ஒருமுறை செய்யப்பட்டது என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆந் திகதி தோற்றுவிக்கப்பட்டது. பின்னர் மலையுச்சிகளை முக்கோணங்களால் இணைத்துத் தீவை அளந்தனர். அவ்வளவையின் வரலாற்றையும் கணிப்பையும் விரித்துரைக்கும் ஜாக்சனின் நூல் 1933இல் வெளிவந்தது. ஆள்கூறுகளுக்கு உற்பத்தித் தானமாகத் தீவின் மிகவுயர்ந்த மலையாகிய பிதுருதலாகலை அமைந்தது.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. வெள்ளவத்தை அம்மலைக்கு மேற்கே ஏறத்தாழ 101 கிலோமீற்றரும், தெற்கே ஏறத்தாழ 14 கிலோமீற்றரும் தள்ளியிருப்பது. உற்பத்தியைப் பூச்சியமாகக் கொள்ளின், கொழும்பு நகரின் எண்களெல்லாம் மறை எண்களாகிவிடும். வெயிலில் நின்று கணக்கிடுவோர்க்கு மறைக் குறியைப் போலத் தொல்லை தருவது பிறிதில்லை! ஆதலின் மலையுச்சிக்கே கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என எண்ணிட்டனர். வெள்ளவத்தை ஏறத்தாழ 99,000, 186,000 ஆயிற்று.

1999இல், செயற்கைக்கோள் அளவீட்டின் துணையோடு புதிய முறை வகுக்கப்பட்டபோது, உற்பத்தியின் எண்கள் 500,000 ஆக்கப்பட்டன. அஃதாவது, ஒவ்வோர் இடத்தின் ஆள்கூறுகள் இரண்டோடும் 300,000 கூடிற்று. அளவை வலையும் திருத்தப்பட்டமையால் சிறு வேறுபாடும் உடன் சேர்ந்தது. தூய பெயர்ப்பு தாளில் மட்டுமே கிட்டும் போலும். கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்திற்கும் வெள்ளவத்தைக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் தூரம் எட்டாகவே நின்றது. பத்துப் பேர்ச் காணி பத்துப் பேர்ச்சாகவே இருந்தது.

எனினும், எண் எந்த முறைக்குரியது என்பதை அறியாது படிப்பவன் பெரும்பிழை செய்வான். பழைய படத்தில் உள்ள வெள்ளவத்தைக் காணியின் எண்களைப் புதிய படத்திற் குறித்தால், அக்காணி தென்மேற்கே 424 கிலோமீற்றர் நகர்ந்து இந்து சமுத்திரத்தில் விழும். புதிய எண்ணைப் பழைய படத்தில் இட்டாலோ, வடகிழக்கே வங்காள விரிகுடாவில் மிதக்கும். காணி உறுதியிலே அயலவர் காணியையும் தெருவையும் எல்லையாகக் குறிக்கும் பழைய வழக்கம் இத்தகைய மயக்கத்திற்கு இடந்தருவதில்லை.

இரு முறைகளையும் பிரித்தறிய எளிய வழியொன்றுண்டு. பழைய முறையிலே தீவின் கீழைக்கரைக்கும் கிழக்கெண் 330,000ஐ எட்டுவதில்லை. புதிய முறையிலோ மேலைக்கரையிலேயே அது 370,000ஐக் கடந்துவிடுகின்றது. வடக்கெண்களில் இவ்வசதி இல்லை. யாழ்ப்பாணத்தின் பழைய வடக்கெண் வெள்ளவத்தையின் புதிய வடக்கெண்ணுக்கு மிக அண்மையில் நிற்கின்றது.