ஆணை யாருக்கு?

1999 ஜனவரியில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் கெண்ட்ரா வெப்டேல் என்ற இளம்பெண் ரயில் முன் தள்ளப்பட்டு இறந்தார். 2001 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் நெவாடா கவுண்டி மனநல மையத்தில் வேலை பார்த்த 19 வயது லாரா வில்காக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரையும் கொன்றவர்கள் கடும் மனநோயாளிகள். 1999இல் கெண்ட்ரா சட்டமும் 2002இல் லாரா சட்டமும் பிறந்தன.

வாசகத்தில் இரண்டும் அக்காள் தங்கைதான். சிகிச்சையைக் கைவிட்டு, 36 மாதங்களில் இருமுறையாவது மருத்துவமனையிலோ சிறையின் மனநலப் பிரிவிலோ இருக்க நேர்ந்தவர், அல்லது 48 மாதங்களுக்குள் வன்முறையில் இறங்கியவர், வெளியிலிருந்தபடியே சிகிச்சை பெற வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடலாம். மீறினால் பரிசோதனைக்காக 72 மணி நேரம் வரை மருத்துவமனையில் வைக்கலாம். ஆனால் அந்த ஆணையைக் காட்டி வலுக்கட்டாயமாக மருந்து செலுத்த முடியாது.

வேறுபாடு, நம் மாவட்டம் போன்ற கவுண்டியிடம் சட்டம் பேசிய விதத்தில் இருக்கிறது. நியூயார்க் ‘நடத்தியே ஆக வேண்டும்’ என்றது. தகவல் வந்தால் கவுண்டியின் சமூக சேவை இயக்குநர் விசாரிக்க வேண்டும். ஆணை வந்தால் அதில் கண்ட சேவைகளை ஏற்பாடு செய்து தர வேண்டும். மாநிலமும் அதற்கென்று பணம் ஒதுக்கியது. கலிஃபோர்னியாவோ ‘விருப்பமிருந்தால் நடத்தலாம்’ என்றது. கவுண்டியின் மேற்பார்வையாளர் அவை தீர்மானம் போட வேண்டும். தாமாக வரும் நோயாளிகளுக்கான சேவை குறையாது என்றும் உறுதி சொல்ல வேண்டும். தனி நிதி கிடையாது. லாரா இறந்த நெவாடா கவுண்டியிலேயே திட்டம் தொடங்க 2008 ஆயிற்று. அப்போது கவுண்டி எல்லையைத் தாண்டினால் அந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்.

2020இல் கலிஃபோர்னியா வழியை மாற்றிக்கொண்டது. 2021 ஜூலை முதல், விலக விரும்பும் கவுண்டிதான் தீர்மானம் போட்டுக் காரணம் சொல்ல வேண்டும். கடும் மனநோயாளிகளின் சிகிச்சைக்காக 2022இல் வந்த கேர் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: கடமை தவறும் கவுண்டிக்கு நீதிமன்றம் நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம்.

நியூயார்க்கிலும் குறை உண்டு. மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிட அதிகமாகக் கறுப்பினத்தவரே ஆணைக்கு உள்ளாகிறார்கள் என்ற கண்டனம் இன்றும் ஓயவில்லை. ஆனால் கெண்ட்ராவைத் தள்ளியவரின் கதையை மறக்கக் கூடாது. அவரே பலமுறை மருத்துவமனைப் படியேறி உதவி கேட்டவர். நீடித்த பராமரிப்பு கிடைக்காமல் திரும்பியவர். கதவைத் தட்டியவருக்கு இடம் தராத அமைப்புக்குத்தான் முதல் ஆணை தேவைப்பட்டது.