அநீதிக்குப் பரிகாரமா, தோற்றத்துக்கு அலங்காரமா?



ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் முறுமுறுப்பு ஆகாரத்தைக் குறித்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமற்போனார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் கூறுகிறது. அப்போஸ்தலர்கள் அந்தக் குறையை மறுக்கவில்லை, மூடி மறைக்கவுமில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே இருப்பது கவனிக்கத்தக்கது. ஆயினும், நற்சாட்சியும் ஞானமும் ஆவியின் நிறைவும் உடையவர்களாயிருக்க வேண்டும் என்ற தகுதியை அவர்கள் தளர்த்தவில்லை.

இதில் மூன்று காரியங்களைக் காண்கிறோம். இழைக்கப்பட்ட அநீதி இன்னதென்று சொல்லப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் யார் என்பது தெரிந்திருந்தது. பரிகாரம் அவர்களுடைய பந்திக்கே போய்ச் சேர்ந்தது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, அமெரிக்க தேசத்தின் அண்மைக்கால வரலாற்றின் ஒரு பகுதியை உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். நம் பிள்ளைகளில் பலர் அங்கே பயிலச் செல்கிறார்கள். அமெரிக்க நிறுவனங்களில் வேலையும் செய்கிறார்கள். ‘பன்முகத்தன்மை, சமபங்கு, உள்ளடக்கம்’ என்ற மூன்று சொற்கள் அவர்கள் காதுகளில் ஓயாமல் ஒலிக்கின்றன. இனிமையான சொற்கள்தாம். அவை எங்கிருந்து வந்தன, என்ன செய்தன என்பதை ஆராய்வது நம் கடமை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி கற்பனையன்று. அடிமைத்தனத்தைத் தொடர்ந்து, தனிப் பள்ளிக்கூடம், தனிப் பேருந்து இருக்கை, மறுக்கப்பட்ட வாக்குரிமை என்று ஒரு நூற்றாண்டு கடந்தது. ஆலயங்களும் இப்பாவத்திற்கு விலக்கல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிலடெல்பியாவின் மெதடிஸ்து ஆலயம் ஒன்றில் முழங்காற்படியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் போதகர் அந்த நிலையிலேயே இழுத்து எழுப்பப்பட்டார். அவரும் ரிச்சர்ட் ஆலனும் தங்கள் மக்களோடு அவ்வாலயத்தை விட்டு வெளியேறினார்கள்.

இந்த அநீதிக்கு 1960-களில் பரிகாரம் தேடப்பட்டது. 1961-ல் குடியரசுத் தலைவர் கென்னடி பிறப்பித்த ஆணை, அரசு ஒப்பந்தக்காரர்கள் இனமும் நிறமும் பாராமல் ஆட்களை அமர்த்த உறுதியான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. 1964-ன் குடிசார் உரிமைகள் சட்டம் வேலையிலும் பொது இடங்களிலும் பாகுபாட்டைத் தடை செய்தது. இதுவரை நம் அளவுகோலுக்குப் பொருந்துகிறது: அநீதிக்குப் பெயர் இருந்தது, பாதிக்கப்பட்டவர் தெரிந்தவர்.

திருப்பம் 1978-ல் நேர்ந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, தன் 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கியிருந்தது. இடம் மறுக்கப்பட்ட ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குத் தொடுத்தார். உச்சநீதிமன்றம் அவருக்கு இடமளிக்கும்படி உத்தரவிட்டு, அந்த ஒதுக்கீட்டை நீக்கியது. ஆனால் இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகக் கருதலாம் என்றும் அனுமதித்தது. அதற்கு நீதிபதி பவல் ஏற்றுக்கொண்ட காரணத்தைக் கவனியுங்கள். சமுதாயத்தில் பொதுவாக நிலவிய பழைய அநீதிக்குப் பரிகாரம் என்பதை அவர் போதிய காரணமாக ஏற்கவில்லை. பலதரப்பட்ட மாணவர்கள் ஒன்றாயிருந்தால் எல்லாருடைய கல்வியும் சிறக்கும் என்பதையே காரணமாகக் கொண்டார்.

பார்வைக்குச் சிறிய மாற்றம், விளைவிலோ பெரிது. அதுவரை ‘இவருக்கு என்ன தீங்கு நேர்ந்தது?’ என்பது கேள்வி. அதன்பின் ‘இவர் இருந்தால் நம் கூட்டம் எப்படித் தோன்றும்?’ என்பது கேள்வியாயிற்று. விதவையின் பசி பின்னுக்குப் போய், பந்தியின் வண்ணம் முன்னுக்கு வந்தது. மனிதன் தன் கூட்டத்தின் மாதிரியாக எண்ணப்படத் தொடங்கினான்.

1980-களின் பிற்பகுதியிலிருந்து நிறுவனங்கள் இந்தச் சொல்லை ஏற்றன. பயிற்சி வகுப்புகளும் ஆலோசகர்களும் தனி அலுவலகங்களும் பெருகின. பலன் என்ன? பிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலெவ் என்ற இரு சமூகவியலாளர்கள், 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் ஏறத்தாழ 30 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து, 2016-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி புகுத்தப்பட்ட நிறுவனங்களில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது. ஆசிய அமெரிக்கரின் பங்கும் 4 முதல் 5 சதவீதம் குறைந்திருந்தது. யாருக்காக வகுப்பு நடத்தப்பட்டதோ, அவர்களே பின்தங்கினார்கள். அதே ஆய்வில், மூத்தவர் ஒருவர் இளையவர் ஒருவரைத் தம் பொறுப்பில் எடுத்து வழிநடத்தும் முறை நற்பலன் தந்திருந்தது. கட்டாயப் போதனையால் ஆகாததை, ஒருவரோடொருவர் உடன்நடப்பது செய்தது.

பல்கலைக்கழகங்களில் இக்கொள்கை மனச்சாட்சியையும் தொட்டது. பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிப்போர், பன்முகத்தன்மைக்குத் தாங்கள் ஆற்றிய பங்கைக் குறித்து அறிக்கை எழுத வேண்டியதாயிற்று. 2018-19-ல் பெர்க்லியின் உயிரியல் துறைகளுக்கான ஒரு தேர்வில், அடிப்படைத் தகுதி பெற்ற 894 பேர், அந்த அறிக்கையை மட்டும் வைத்து 214 பேராகக் குறைக்கப்பட்டனர். ஆராய்ச்சி எத்தகையது என்று பார்ப்பதற்கு முன்பே, சரியான சொற்களைச் சொல்லத் தெரியாதவர் விலக்கப்பட்டார். நன்கு எழுதக் கற்றவர் நுழைந்தார். மாய்மாலத்திற்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் உண்டோ?

மற்றொரு விளைவு விசுவாசிகளை நேரடியாகத் தொட்டது. ‘எவரையும் விலக்கக்கூடாது’ என்ற விதியின் பேரில், தங்கள் தலைவர்கள் கிறிஸ்தவ விசுவாசத்தை ஏற்றவர்களாயிருக்க வேண்டும் என்று கேட்ட மாணவர் ஐக்கியங்கள் அங்கீகாரம் இழந்தன. 2014-ல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் இன்டர்வார்சிட்டி ஐக்கியத்துக்கு இது நேர்ந்தது. மறு ஆண்டில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. ஐயோவா பல்கலைக்கழகமும் கிறிஸ்தவக் குழுக்களை நீக்கியது. மற்றச் சில குழுக்கள் தங்கள் கொள்கைக்கேற்ற நிபந்தனைகளை வைத்துக்கொள்ள விட்டுவிட்டு, இவர்கள்மேல் மட்டும் விதியைப் பாய்ச்சியது பாகுபாடு என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அனைவரையும் உள்ளடக்குவதாகச் சொன்ன விதியே சிலரை வெளியே நிறுத்தியது.

இறுதியாக ஹார்வர்டு வழக்கு. விண்ணப்பதாரரின் குணநலனுக்கு அப்பல்கலைக்கழகம் ஒரு மதிப்பீடு வழங்கிவந்தது. ஆசிய அமெரிக்க மாணவர்களை நேரில் சந்தித்த முன்னாள் மாணவர்கள், அவர்களுக்கு வெள்ளையருக்கு இணையான மதிப்பையே தந்திருந்தனர். பெரும்பாலோரை நேரில் காணாத சேர்க்கை அலுவலகத்தார் தந்த மதிப்போ தாழ்ந்திருந்தது. இதில் உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று விசாரணை நீதிமன்றம் கருதியது உண்மை. ஆனால் 2023 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம், இனத்தைக் கணக்கில் கொள்ளும் அத்தகைய சேர்க்கை முறைகள் சட்டத்திற்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. தன் வாழ்வில் இனம் ஏற்படுத்திய அனுபவத்தை ஒரு மாணவர் எழுதினால், அதை அந்த மனிதரின் அனுபவமாகக் கருதலாம் என்றும் கூறியது. முகத்தைக் கண்டவர் ஒருவிதமாகவும், காணாதவர் வேறுவிதமாகவும் மதிப்பிட்டார்கள் என்பது என் மனதை விட்டு நீங்கவில்லை.

பிரியமானவர்களே, இதைச் சாக்காகக் கொண்டு ஒருவரும் மகிழ்ச்சியோடு கைதட்ட வேண்டாம். நம் தேசத்தின் இடஒதுக்கீட்டையும் இதையும் ஒன்றாக்கிப் பேசவும் வேண்டாம். அது சாதிக் கொடுமை என்று பெயர் சொல்லக்கூடிய அநீதிக்குப் பரிகாரமாக எழுந்தது. நியாயம் விசாரிக்கையில் ஏழைக்கென்றும் பெரியவனுக்கென்றும் முகம் பார்க்கலாகாது என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் இருபுறமும் எச்சரிக்கிறது. பன்முகத்தன்மைக் கொள்கையைக் குறைகூறிவிட்டுப் பழைய பாகுபாட்டுக்குத் திரும்புகிறவன், இந்தக் கட்டளையின் மறுபாதியை மீறுகிறான்.

நம் கதையும் நமக்குத் தெரியும். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியாவிலிருந்த சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று நிருபம் எழுதியபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். இன்றும், தெருவுக்கு ஒருவரைக் குழுவில் அமர்த்திப் படம் எடுத்துவிட்டு, விருந்துக்கும் சம்பந்தத்துக்கும் பழைய எல்லைகளைக் காப்பவர்கள் நம்மிடையே இல்லையா? அதுவும் தோற்றத்துக்கு அலங்காரமே.

ஆகையால், இந்த வாரம் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: நம் சபையில் பந்தியில் விடப்பட்ட விதவை யார்? அவருடைய பெயர் எனக்குத் தெரியுமா? அவருக்கு நேர்ந்த குறை இன்னதென்று சொல்ல முடியுமா? தெரியாதென்றால், அவர் வீட்டுக்குப் போங்கள். திண்ணையில் அமர்ந்து கேளுங்கள். நீதி அங்கிருந்தே தொடங்குகிறது.

முகத்தைப் பாராமல் இருதயத்தைப் பார்க்கிற தேவன், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறியும் கிருபையை நம் அனைவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.